மேடை ஒளியமைப்புப் பணிமனையில் சிறுபொருள் சேமிப்பு

மேடை ஒளியமைப்புப் பணிமனை என்பது நாடக அரங்குகளில் விளக்குக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கும் அவற்றின் உதிரிப் பாகங்களைச் சேமித்து வைப்பதற்கும் பயன்படும் அறை ஆகும். பல்பு, மின்னுருகி, இணைப்பி, வண்ணத் தாள், திருகு, கவ்வி எனப் பல சிறுபொருள்கள் இங்கு இருக்கும். இவற்றுள் சில பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்த இயலாது. தவறான பொருளைப் பொருத்தினால் காட்சி கெடும். சில வேளைகளில் விபத்தும் நேரும். எனவே இங்கு சேமிப்பு முறை பாதுகாப்புடன் நேரடித் தொடர்புடையது. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்க அரங்குகளின் நடைமுறையைத் தழுவியது.

அடிப்படை நெறிகள்

பொருள்களை வடிவத்தைக் கொண்டு பிரிக்காமல் பயன்பாட்டைக் கொண்டு பிரிப்பது முதல் நெறி. அடிக்கடி தேவைப்படுபவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், கனமானவை கீழ்த்தட்டிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் பெயர்ச்சீட்டுடன் ஒரு மாதிரிப் பொருளையும் ஒட்டி வைத்தால் புதியவர்களும் எளிதில் கண்டுகொள்வர். அங்குல அளவுத் திருகுகளையும் மில்லிமீட்டர் அளவுத் திருகுகளையும் ஒரே பெட்டியில் இடக்கூடாது. மேடைக்கு எடுத்துச் செல்லும் கருவிப்பெட்டி தனியாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் குறைந்தவற்றை அதில் நிரப்பி வைக்க வேண்டும்.

பல்புகள்

1992-இல் அறிமுகமான சோர்ஸ் ஃபோர் என்னும் விளக்குக் கருவி பல நாடுகளின் அரங்குகளில் பரவலாகப் பயன்படுகிறது. இதற்குரிய எச்.பி.எல். வகைப் பல்புகள் சேமிப்பின் தேவையை நன்கு விளக்கும். 575 வாட், 115 வோல்ட் பல்பும் 77 வோல்ட் பல்பும் தோற்றத்தில் ஒத்தவை. ஒரே டிம்மரால் இரு விளக்குகளைத் தனித்தனியே இயக்கும் முறைக்காக 77 வோல்ட் பல்பு உருவாக்கப்பட்டது. அதைச் சாதாரண 120 வோல்ட் சுற்றில் பொருத்தி முழு ஒளியில் ஏற்றினால் உடனே எரிந்து போகும்.

115 வோல்ட் பல்பிலும் இரு வகைகள் உள்ளன. சாதாரண வகை சுமார் 300 மணி நேரம் உழைக்கும். அதன் நிற வெப்பநிலை 3,250 கெல்வின். நீடித்து உழைக்கும் வகை சுமார் 2,000 மணி நேரம் எரியும். ஆனால் அதன் நிற வெப்பநிலை 3,050 கெல்வின் மட்டுமே. இரண்டும் கலந்துவிட்டால் அருகருகே உள்ள விளக்குகளில் ஒன்று மட்டும் மஞ்சளாகத் தெரியும். எனவே வகைக்கு ஒரு தட்டு என ஒதுக்கி, வாட், வோல்ட் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் குறிக்க வேண்டும்.

ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை படிந்து, அவ்விடம் மிகுதியாகச் சூடேறிப் பல்பு விரைவில் பழுதாகும். ஆகவே பொருத்தும் வரை பல்பு அதன் உறையிலேயே இருக்க வேண்டும். பருத்திக் கையுறைகளையும் துடைக்கும் துணியையும் அதே தட்டில் வைப்பது நல்லது. எரிந்துபோன பல்பைப் புதியதன் உறையில் இட்டுத் தட்டிலேயே திரும்ப வைப்பது அடிக்கடி நேரும் தவறாகும்.

வண்ணத் தாள்களும் கோபோக்களும்

ஜெல் எனப்படும் வண்ணத் தாள்களை ராஸ்கோ நிறுவனம் 20 அங்குலம் அகலமும் 24 அங்குலம் நீளமும் உள்ள தாள்களாக விற்கிறது. சோர்ஸ் ஃபோர் சட்டத்திற்கு 6.25 அங்குலச் சதுரம் தேவை. ஒரு தாளிலிருந்து 9 துண்டுகள் கிடைக்கும். 7.5 அங்குலச் சதுரமாயின் 6 துண்டுகளே கிடைக்கும்.

வெட்டிய துண்டுகளைத் தொங்கு கோப்புகளில் எண் வரிசைப்படி வைப்பர். எண்ணுடன் நிறுவனத்தின் எழுத்தையும் குறிப்பது இன்றியமையாதது. ராஸ்கோவின் 2-ஆம் எண் வெளிர் ஆம்பர் நிறம். லீ நிறுவனத்தின் 2-ஆம் எண் ரோஜா நிறம். நீல வகைகளைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். எனவே ஒவ்வொரு துண்டின் மூலையிலும் மெழுகுப் பென்சிலால் எண்ணை எழுதுவர்.

ஒளியில் உருவங்களைத் தோற்றுவிக்கும் கோபோ தகடுகள் அளவால் வேறுபடும். ஏ அளவின் விட்டம் 100 மி.மீ., பி அளவின் விட்டம் 86 மி.மீ. ஆகும். உலோகத் தகடுகள் வளையாதவாறு தட்டையாகவும், கண்ணாடித் தகடுகள் மென்மையான உறைகளிலும் இருத்தல் வேண்டும்.

இணைப்பிகளும் மின்னுருகிகளும்

அமெரிக்க அரங்குகளில் மேடைக்கான தட்டையான மூன்று முள் இணைப்பி, திருகிப் பூட்டும் இணைப்பி, வீட்டுச் செருகி என மூன்று வகைகள் காணப்படுகின்றன. பிரித்தானிய அரங்குகளில் பி.எஸ். 546 தரத்திலான 15 ஆம்பியர் உருண்டை முள் செருகி இன்றும் வழக்கில் உள்ளது. இந்திய வீடுகளில் உள்ள பெரிய உருண்டை முள் செருகியும் இத்தரத்திலிருந்து வந்ததே.

1986-இல் உருவாக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 கட்டுப்பாட்டு முறைக்கு ஐந்து முள் இணைப்பியே தரமானது. சில கருவிகளில் மைக்ரோஃபோன் வடங்களுக்குரிய மூன்று முள் இணைப்பி உள்ளது. இரு வடங்களும் கலந்து, மைக்ரோஃபோன் வடம் இங்கு பயன்பட்டால் விளக்குகள் காரணமின்றித் துடிக்கக்கூடும். ஆகவே அவற்றைத் தனித்தனிக் கொக்கிகளில் தொங்கவிட வேண்டும். வடத் தொடரின் இறுதியில் செருகும் 120 ஓம் முடிப்பான்களுக்கும் தனி இழுப்பறை தேவை.

மின்னுருகிகளை ஆம்பியர், வோல்ட், உருகும் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு பிரிக்க வேண்டும். 5 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர் உருகியைப் பொருத்தினால், உருகிக்கு முன்னரே கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்புண்டு.

பழுதான பொருள்கள்

கவ்வி நழுவினாலும் விளக்கு நடிகர்மீது விழாமல் தாங்குவது பாதுகாப்புக் கம்பிவடம். இழை அறுந்த அல்லது கொக்கி வளைந்த வடம் நல்லவற்றுடன் மீண்டும் சேர்ந்துவிட்டால், அது எப்போது எடுக்கப்படும் என்று எவராலும் கூற முடியாது. அத்தகையதை உடனே வெட்டிக் குப்பையில் இட வேண்டும். பழுதுபார்க்கக்கூடிய கருவிகளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, குறையையும் நாளையும் எழுதித் தனி அலமாரியில் வைக்க வேண்டும்.

இருப்புக் கணக்கு

இரட்டைப் பெட்டி முறை எளிமையானது. ஒரே பொருளை இரு பெட்டிகளில் வைத்து, முதற்பெட்டி தீர்ந்ததும் புதியதை வாங்கச் சொல்லி, அது வரும்வரை இரண்டாவதைப் பயன்படுத்துவர். இதனால் நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது பல்பு இல்லை என்னும் நிலை தவிர்க்கப்படுகிறது.

எல்.ஈ.டி. விளக்குகளின் வருகை

எல்.ஈ.டி. கருவிகள் பெருகியதால் பல்புகள், வண்ணத் தாள்கள் ஆகியவற்றின் தேவை குறைந்துள்ளது. மாறாக, மின்வடங்களும் தரவு வடங்களும் பெருகியுள்ளன. பவர்கான் இணைப்பியில் நீலம் மின்சாரம் உட்செல்வதற்கும், சாம்பல் வெளிவருவதற்கும் உரியது. பிந்தைய ட்ரூ1 வகை இதனுடன் பொருந்தாது. ஆகவே பொருள்கள் மாறினாலும், ஒத்த தோற்றமுடையவற்றைப் பிரித்து வைக்கும் நெறி மாறவில்லை.