எதிர்ல வர்றவர் கண்ணுக்கும் சேர்த்துதான் ஹெட்லைட்

கார் சாஃப்ட்வேர் பத்திப் பேசின எபிசோட்ல, போகிற போக்கில் "என் பழைய கரோலாவுக்கு ஹெட்லைட்டை நானே பிரிச்சு புரொஜெக்டர் வச்சேன்"னு ஒரு வரி சொல்லியிருந்தேன். சாஃப்ட்வேரை விட அந்த ஒரு வரிக்குத்தான் அதிக மெயில். அதுல பாதி, "ப்ரோ, எந்த பல்ப் போட்டீங்க? லிங்க் அனுப்புங்க." லிங்க் அனுப்ப முடியாது, ஏன்னா இது பல்ப் விஷயமே இல்லை. அதனால இந்த வாரக் கடிதம் முழுக்க ஹெட்லைட்.

முதல்ல, எதுக்கு இந்த வேலைன்னு சொல்லிடறேன். எனக்கு இப்போ ஓடுற கான்ட்ராக்ட்ல வாரத்துக்கு ரெண்டு நாள் சான் அன்டோனியோ பக்கம் கிளையண்ட் ஆபீஸ் போகணும். ரவுண்ட் ராக்ல இருந்து ஐ-35 பிடிச்சா ஆஸ்டின் நடுவுல மாட்டிக்குவோம். அதனால எஸ்ஹெச் 130 டோல் ரோடு. செகீன் பக்கம் போற தெற்குப் பகுதியில ஸ்பீட் லிமிட் மணிக்கு 85 மைல், அமெரிக்காவுலயே அதிகம். 2012ல திறந்தாங்க. 85 மைல்னா ஒரு செகண்டுக்கு 38 மீட்டர். ரெண்டு பக்கமும் கும்மிருட்டு, மான் எந்தப் பக்கத்துல இருந்து குதிக்கும்னு தெரியாது. என் வண்டி 2011 மாடல், ஹெச்11 ஹாலஜன் பல்ப், சாதாரண ரிஃப்ளெக்டர்.

"கார் கம்பெனிக்காரன் வச்ச லைட் போதாதா?"ன்னு வீட்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் 2016ல வந்தது. ஐஐஹெச்எஸ், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்துற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், முதல் தடவையா ஹெட்லைட்டுக்கு மார்க் போட்டது. 31 மிட்சைஸ் கார்கள்ல "நல்லது"ன்னு பேர் வாங்கினது ஒண்ணே ஒண்ணு, டொயோட்டா பிரியஸ் வி. அதோட எல்இடி லோ பீமை நம்பி 70 மைல்ல போனாலும், எதிர்ல ஒரு தடை தெரிஞ்சா நிறுத்த முடியும். பிஎம்டபிள்யூ 3 சீரிஸோட ஹாலஜன் லைட்ல அதே மாதிரி நிறுத்தணும்னா 35 மைலுக்கு மேல போகக்கூடாது. விலைக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லைன்னு அன்னைக்குத்தான் நிறைய பேருக்குத் தெரிஞ்சது.

சரி, இப்போ அந்த பல்ப் கதை. ஆன்லைன்ல 40 டாலருக்கு "600% பிரைட்டர்"னு போட்டு எல்இடி பல்ப் வருது. ஹாலஜனைக் கழட்டிட்டு அதே ஓட்டையில திருகினா வேலை முடிஞ்சது. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் போட்டான். "மச்சி, பகல் மாதிரி இருக்குடா"ன்னான். ஒரு வாரம் கழிச்சு, "ஏன்டா எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்கு டிப் அடிக்கிறான்?"னு கேட்டான்.

காரணம் சிம்பிள். ரிஃப்ளெக்டரோட ஒவ்வொரு வளைவும் ஒரு குறிப்பிட்ட இடத்துல, ஒரு குறிப்பிட்ட வடிவத்துல இருக்கிற ஃபிலமென்ட்டை மனசுல வச்சுக் கணக்குப் போட்டது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் கம்பி, அது எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். அந்த இடத்துல ஒரு பட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டின எல்இடி சில்லை வச்சா, ரிஃப்ளெக்டருக்கு அது தப்பான இன்புட். ஃபங்ஷனுக்கு வேற டேட்டா டைப் அனுப்பின மாதிரி. கம்பைல் ஆகும், அவுட்புட்தான் குப்பை. வண்டிக்கு முன்னாடி பத்தடி தூரத்துல தரை பளபளன்னு இருக்கும், அதைப் பார்த்துத்தான் "பகல் மாதிரி"ன்னு தோணுது. தூரத்துல போக வேண்டிய வெளிச்சம் பாதி, எதிர்ல வர்றவர் முகத்துக்குப் போயிருக்கும். ஹாலஜனுக்காகச் செஞ்ச ஹெட்லைட்ல போடுற மாதிரி எந்த எல்இடி பல்புக்கும் அனுமதி இல்லைன்னு என்ஹெச்டிஎஸ்ஏவே சொல்லியிருக்கு. ஆனா விற்கிறவன் பெட்டியில "ஆஃப்-ரோடு யூஸ் ஒன்லி"ன்னு பொடி எழுத்துல போட்டுட்டுக் கழண்டுக்குவான்.

நம்ம ஊர்ல வளர்ந்தவங்களுக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கும். லாரி, பஸ், வேன் ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர். டிராஃபிக் போலீஸ் நிறுத்தி அவங்களே ஒட்டி விடுவாங்க. சின்ன வயசுல அது ஏதோ திருஷ்டிப் பொட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன். அதோட நோக்கம் சரிதான்: எதிர்ல வர்றவருக்குக் கண் கூசக்கூடாது. ஆனா ரிஃப்ளெக்டர் லைட்ல கண்ணாடி மேல பொட்டு வச்சா வெளிச்சம் மொத்தமா குறையுமே தவிர, மேலே இருட்டு, கீழே வெளிச்சம்னு பிரியாது. அப்படிக் கோடு போட்டுப் பிரிக்கணும்னா, வெளிச்சம் ஒரு இடத்துல குவியணும், அந்த இடத்துல தடுப்பு வைக்கணும். புரொஜெக்டர் செய்றது அதைத்தான்.

உள்ளே ஒரு நீள்வட்டக் கிண்ணம். அதோட ஒரு குவியத்துல பல்ப் இருக்கும், வெளிச்சம் ரெண்டாவது குவியத்துல வந்து கூடும். அங்கே ஒரு உலோகத் தகடு பாதியை மறைச்சு நிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடிமனான லென்ஸ். லென்ஸ் படத்தைத் தலைகீழா ஆக்கும், அதனால கீழே நிக்கிற தகடு ரோட்டுல மேல்பக்க இருட்டா விழும். தகட்டோட விளிம்புதான் சுவர்ல கத்தி வச்சு வெட்டின மாதிரி தெரியுற கோடு, கட்-ஆஃப். ஹை பீம் வேணும்னா ஒரு சின்ன சோலினாய்டு தகட்டைச் சாய்க்கும், அவ்வளவுதான்.

நான் வச்சது டி2எஸ் செனான். 35 வாட்ல சுமார் 3200 லூமென். ஹெச்11 ஹாலஜன் 55 வாட் சாப்பிட்டு 1350 லூமென்தான் குடுக்கும். தகடு பாதியை முழுங்கினாலும் ரோட்டுக்கு மிச்சம் நிறைய. இப்போ புதுசா பண்றவங்க பெரும்பாலும் ரெடிமேட் எல்இடி புரொஜெக்டர் வாங்குறாங்க. பேலஸ்ட், ஹை வோல்டேஜ் தொல்லை எல்லாம் இல்லை, அதுவும் நல்ல வழிதான். செனான் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஆன் ஆகும்போது பேலஸ்ட் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல அடிக்கும், ஸ்விட்ச் போட்டு வச்சுட்டு வயர்ல கை வைக்காதீங்க. கலர் 4300 கெல்வின் போதும். 6000, 8000னு நீலமாப் போகப் போக ஸ்டைல் ஏறும், வெளிச்சம் குறையும்.

வாங்கும்போது ஒரு விஷயத்துல ரொம்ப கவனம். கட்-ஆஃப் கோடு நேர்கோடு இல்லை, ஒரு பக்கம் படி மாதிரி ஏறும். அது ரோட்டோரப் பக்கம் இருக்கணும். அமெரிக்காவுல வலது, இந்தியாவுலயும் ஜப்பான்லயும் இடது. விலை மலிவா இருக்குன்னு ஊர்ல இருந்தோ ஜப்பான் ஜங்க்யார்டுல இருந்தோ வாங்கி இங்கே மாட்டினா, அந்தப் படி நேரா எதிர் வண்டிக்காரர் கண்ணுல போய் நிக்கும். ஊர்ல இருந்து படிக்கிறவங்க இதையே அப்படியே திருப்பி வாசிச்சுக்கோங்க.

வேலைன்னு பார்த்தா, கரோலாவுல முன் பம்பரைக் கழட்டினாத்தான் ஹெட்லைட் வெளியே வரும். ஜங்க்யார்டுல இருந்து ஒரு ஜோடி வாங்கி அதுலதான் பண்ணினேன், வண்டி ஓடிட்டே இருந்தது. ஹெட்லைட் கண்ணாடி பியூட்டைல் பசையில ஒட்டியிருக்கும். பல்ப், ஸ்க்ரூ எல்லாம் எடுத்துட்டு அவன்ல குறைஞ்ச சூட்டுல வச்சா பசை இளகும், மெதுவா நெம்பிப் பிரிக்கலாம். (வீட்ல ஊருக்குப் போயிருந்த வாரம் இது. அவனைத் துடைச்சு வச்சதோட சரி.) சில கார்கள்ல பசை இளகாத ஜாதி, அதை முதல்லயே விசாரிச்சுக்கோங்க. புரொஜெக்டரை பல்ப் ஓட்டை வழியா மாட்டி, ரெண்டு பக்கமும் கட்-ஆஃப் கோடு கிடைமட்டமா இருக்கான்னு சுவர்ல அடிச்சுப் பார்த்த பிறகுதான் திரும்ப மூடணும். மூடினதுக்கு அப்புறம் சுழற்ற முடியாது. பசையில ஒரு இடம் விட்டாலும் முதல் மழையிலேயே உள்ளே பனி படியும். ரெண்டு சனி, ஞாயிறு, நானூறு டாலருக்குக் கொஞ்சம் மேல.

இவ்வளவு செலவு பண்றதுக்கு முன்னாடி, மஞ்சளாகிப்போன கண்ணாடியை சாண்ட்பேப்பர் போட்டுப் பாலிஷ் பண்ணி, புது ஹாலஜன் பல்ப் போட்டுப் பாருங்க. எனக்கு மெயில் போட்டவங்கள்ல பாதிப் பேருக்கு அதுவே போதும்னு நினைக்கிறேன்.

சட்டம்? இங்கேதான் விஷயம் இடிக்குது. எஃப்எம்விஎஸ்எஸ் 108னு ஃபெடரல் விதி ஹெட்லைட்டை நிர்ணயிக்குது. டீலரோ மெக்கானிக் கடையோ அந்த விதிப்படி இருக்கிற லைட்டைச் செயலிழக்க வைக்கக்கூடாது. ஆனா சொந்தக்காரர் தன் வண்டியில கை வைக்கிறதை அந்தத் தடை தொடாது, அது மாநிலத்தோட பொறுப்பு. டெக்சாஸ் என்ன பண்ணுச்சு? 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருஷாந்தர சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனையே எடுத்துடுச்சு. நம்ம வில்லியம்சன் கவுண்டியில புகை டெஸ்ட் மட்டும் பாக்கி. இன்ஸ்பெக்‌ஷன் போனாலும் அதுக்குப் பதிலா 7.50 டாலர் கட்டணத்தை விடலை, அது வேற கதை. ஆக, நான் மாட்டினது எப்படி இருக்குன்னு பார்க்க இப்போ யாரும் இல்லை. 40 டாலர் பல்ப் போட்டவனையும் நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. ராத்திரி 79ல ஹட்டோ பக்கம் போய்ப் பாருங்க, கண்ணு தானா இடுங்கும்.

அதனால எய்ம் மட்டும் விடாதீங்க. சமதளத்துல, டயர்ல சரியான காத்து, பாதி டேங்க், டிரைவர் சீட்ல உங்க எடைக்கு ஆள். சுவர்ல இருந்து 25 அடி. லென்ஸ் நடுப்பகுதியோட உயரத்தை அளந்து சுவர்ல டேப் ஒட்டுங்க. கட்-ஆஃப் கோடு டேப்புக்கு ரெண்டு மூணு இன்ச் கீழே விழணும். அப்புறம் ஃப்ரெண்டை எதிர்ல வேற கார்ல உட்கார வச்சு அவன் கண்ணுல என்ன படுதுன்னு கேளுங்க. டிரங்க்ல நாலு மூட்டை பொன்னி அரிசி ஏத்தினாலே மூக்கு தூக்கிக்கும், அதனால ஹூஸ்டன் டிரிப்புக்கு முன்னாடி நான் இன்னொரு தடவை பார்த்துக்குவேன்.

ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் இருக்கிறவங்க யாராவது எய்ம் பார்க்கணும்னா இந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்க. சனிக்கிழமை இருட்டின பிறகு ஃப்ரீதான். சுவர் நான் பார்த்து வச்சிருக்கேன், மாஸ்கிங் டேப் நீங்க எடுத்துட்டு வந்துடுங்க.