தோளுக்கு மேல் ஓங்காத மட்டை

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃபுக்குத் தாய்வீடு. 1860களில் அங்கே பெண்களும் ஆட ஆசைப்பட்டார்கள். ஆனால் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி வீசுவது பெண்ணுக்கு அழகல்ல என்று அன்றைய சமூகம் நினைத்தது. பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளும் 'பட்டிங்' மட்டுமே அவர்களுக்கு வாய்த்தது. 1867-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். மேடும் பள்ளமுமான அவர்களுடைய புல்வெளிக்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர். சங்கம் இன்றும் இருக்கிறது. கட்டணம் கட்டினால் வெளியாரும் அங்கே ஆடலாம்.

மினி கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வரும் காற்றாலையும் கோட்டை வாசலும் வெகுநாள் கழித்து வந்தவை. பெரிய மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் கையளவு இடத்தில் உண்டாக்கிக்கொண்ட ஆட்டம் இது. அதன் வரலாற்றில் என்னை ஈர்ப்பதும் அதுதான்.

புல் இருக்கும்வரை செலவும் இருந்தது. தண்ணீர் விட வேண்டும், வெட்ட வேண்டும், ஆள் வைக்க வேண்டும். மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் 1920களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். வீணாகும் பருத்திக்கொட்டைத் தோலை நொறுக்கி, மணல், எண்ணெய், பச்சைச் சாயம் கலந்து பரப்பி அழுத்தினார். பந்து வழுவழுவென ஓடியது. புல் தேவையில்லை என்றானபின் மண்ணும் தேவையில்லை. நியூயார்க்கில் ஆட்டம் மொட்டைமாடி ஏறியது. 1920களின் முடிவில் அந்நகரக் கூரைகளில் ஏறத்தாழ 150 களங்கள் இருந்தன.

ஆட்டத்தை அமெரிக்கா எங்கும் கொண்டுபோனவர் அந்நாட்டின் லுக்அவுட் மலையில் விடுதி நடத்திய கார்னெட் கார்ட்டர். விருந்தினர் பொழுதுபோக்க அவர் அமைத்த சிறு களத்தில் குள்ளர்களும் தேவதைகளும் சிலைகளாக நின்றார்கள். அந்தக் கற்பனை அவர் மனைவி ஃப்ரீடாவுடையது. 'டாம் தம்ப்' என்று பெயரிட்டு, ஃபேர்பேர்னின் தரைக்கலவைக்கு உரிமம் வாங்கி, களங்களைத் தயார்நிலையில் விற்றார்.

1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. வேலை போயிற்று, ஆனால் மாலைப் பொழுது போகவில்லையே! சில்லறைக் காசுக்கு ஒரு மணி நேரம் ஆடலாம் என்றதும் மக்கள் குவிந்தார்கள். 1930-இல் அமெரிக்காவில் சுமார் 25,000 களங்கள் இருந்ததாக மதிப்பீடு. 'டாம் தம்ப்' வாங்க வசதியில்லாதவர்கள் காலி மனையில் தாங்களே போட்டார்கள். பழைய டயர், உடைந்த குழாய், பீப்பாய் எல்லாம் தடைகளாயின. பந்து குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வரும் அந்த வேடிக்கை பெரிதும் வறுமை கற்றுத்தந்தது.

மோகம் வந்த வேகத்தில் வடிந்தது. இரவுச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, நகராட்சிகள் கட்டுப்பாடு விதித்தன. பெரும்பாலான களங்கள் ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டன. ராசெஸ்டர் அருகே 1930-இல் திறந்த ஒன்று பிழைத்து, 2002-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இடம்பிடித்தது.

மினி கோல்ஃபை விளையாட்டுப் போட்டியாக உயர்த்தியவர்கள் இருவர்; இருவருக்கும் 1954தான் ஆண்டு. வட கரோலினாவில் டான் கிளேட்டன் 'பட்-பட்' தொடங்கினார்: காற்றாலை வேண்டாம், எந்தக் குழியானாலும் இரண்டு அடியில் பந்தைத் தள்ளுவதே கணக்கு. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் பால் போங்னி 12 மீட்டர் நீளக் கான்கிரீட் தடங்களை வகுத்தார். ஐரோப்பியப் போட்டியாளர்களின் பெட்டியைத் திறந்தால் டஜன் கணக்கில் பந்துகள் இருக்கும். ஒன்று கல்லாய்க் கிடக்கும், ஒன்று துள்ளும். வெப்பம் கூடினால் துள்ளலும் மாறும் என்பதால் பந்தைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றுவார்கள். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத நுணுக்கம் இது.

இப்போதைய அலை நகர மையங்களில் அடிக்கிறது. லண்டனில் 2014-இல் தோன்றிய 'ஸ்விங்கர்ஸ்', 2018-இல் வந்த 'பட்ஷாக்' இரண்டும் சாப்பாடு, மது, ஆட்டம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்தன. பட்ஷாக்கின் பந்தே அடிகளை எண்ணிக்கொள்கிறது. ஆடுபவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. அலுவலகத் தோழர்களும் காதலர்களும் பாட்டி பேரன்களும் இங்கே வருவது அந்தப் பேச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸும் 2019 முதல் 'பாப்ஸ்ட்ரோக்' என்ற மினி கோல்ஃப் நிறுவனத்தில் பங்குதாரர். அவருடைய வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய செயற்கைப் புல்தரைகளில் காற்றாலை இல்லை. மேடு, பள்ளம், மணற்குழி, கையில் உருட்டுமட்டை.