சிகிச்சைக்கு முன்பே எழுதப்படும் பில்

இந்தியாவில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 14.3 சதவீதம் சிசேரியன், தனியாரில் 47.4 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளிலோ 63.8 சதவீதம். தாயின் வயது, உடல்நிலை, குடும்பத்தின் விருப்பம் எனக் காரணங்கள் உண்டுதான். ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்கு அவை மட்டும் போதாது. மருத்துவருக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஓரிடத்தில் மாதச் சம்பளம். இன்னோரிடத்தில் அறுவைக்கு இவ்வளவு என்று பங்கு. சில இடங்களில் நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன். 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் கமிஷனைத் தடைசெய்திருக்கின்றன. ஆனாலும் வழக்கம் ஒழியவில்லை. அந்தத் தொகை நோயாளியின் பில்லில் இருந்துதான் போகிறது. கமிஷனுக்காக எழுதப்படும் தேவையில்லாத சிடி ஸ்கேன் காசோடு நிற்பதில்லை, கதிர்வீச்சையும் உடம்பில் ஏற்றுகிறது.

மருந்துக்கடையும் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தால் விலை என்னாகும்? தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனை பில்களை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் ஆராய்ந்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது.

வேறு மாதிரியும் நடத்தலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் மருத்துவர்களுக்குச் சம்பளம்தான். பணம் கட்டுவோரின் வருவாயில் ஏழைகளுக்கும் கண்புரை அறுவை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் அவர்களுடைய ஆரோலேப் நிறுவனமே தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கியது. செலவு குறைந்தது, தரம் குறையவில்லை.

நோயாளியின் கையிலும் சட்டம் இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன அதே 2002 விதிகள். இனவாரியான பில், வேறு மருத்துவரின் கருத்து, விரும்பிய கடையில் மருந்து வாங்குவது ஆகியவை தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்தில் உள்ளவை. பில் பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தர மறுப்பதையும் அது ஏற்கவில்லை.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்துவிட்டது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.