தீ குறைந்தால் தோம்பு காலி என்று அர்த்தமில்லை

தீபாவளி நெருங்கினால் டத்தோ கிராமாட் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் முறுக்கு வாசம் தொடங்கிவிடும். ஆர்டர் எடுத்துச் சுடுபவர்களுக்கு அடுப்பு காலையிலிருந்து ஓயாது. முதல் இரண்டு மணி நேரம் நன்றாக எரிந்த தீ, பிறகு மெல்ல அடங்கும். எண்ணெய் சூடு குறையும், முறுக்கு எண்ணெயைக் குடிக்கும். "கேஸ் முடிஞ்சு போச்சு" என்று கடைக்குப் போன் போடுவோம். 26 வெள்ளி 60 காசு கொடுத்துப் புதுத் தோம்பு வாங்கி, பாதி கேஸ் உள்ள பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் அடுப்பில் மட்டும் தீ குறைவா, இரண்டிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அதன் துவாரங்களில் எண்ணெய்ப் பிசுக்கோ, பொங்கி வழிந்த பாலோ அடைத்திருக்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தாலும் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

இரண்டிலும் குறைவென்றால் தோம்பின் பக்கம் பாருங்கள். காலித் தோம்பின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். தராசு இல்லையா? ஈரத்துணியால் தோம்பைத் துடையுங்கள். திரவம் உள்ள உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும்.

கேஸ் இருந்தும் தீ இல்லையென்றால், ரப்பர் குழாய் மடங்கியிருக்கிறதா, ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தீ அடங்கினால், தோம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கும். உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியாகும்போது தன் சூட்டையே இழக்கிறது. பெரிய அடுப்பில் மணிக்கணக்கில் எரித்தால், வெளிக்காற்று தரும் சூடு ஈடுகொடுக்காது, அழுத்தம் குறையும். அதனால்தான் புதுத் தோம்பு மாட்டியதும் தீ சீறுகிறது. பழையதும் சற்று ஓய்வெடுத்தால் மறுபடி எரியும். தோம்பை அலமாரிக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். வேலை அதிகமென்றால் இரண்டு தோம்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தோம்பைச் சாய்ப்பார்கள், படுக்கவைப்பார்கள், கொதிநீர் ஊற்றுவார்கள். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். அது வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு ஆவியாக விரியும். ஒரே நொடியில் தீ முகத்துக்கு எழும். அதேபோல், பாடாங் பிரவுன் போன்ற இடங்களில் கடைக்காரர்கள் பெரிய அடுப்புக்கு வைத்திருக்கும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டாதீர்கள். வீட்டு அடுப்பு தாங்குவது சுமார் 30 மில்லிபார்தான்.

ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாசம் வந்தால் மின்விசிறி, விளக்கு எதையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியேறி 999-க்கு அழையுங்கள்.

முறுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகலாம். வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்.