கிணற்றில் முங்கினால் நெற்றி ஏன் வலிக்கிறது?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள். எட்டாம் வகுப்பில் மூன்றாம் வரிசை மாணவன் ஒருவனை இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தேன். அவன் திரும்பவில்லை. "காதுல பஞ்சா வச்சிருக்க?" என்று சத்தம் போட்டேன். வகுப்பு சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். மதிய உணவின்போது அவன் நண்பன் தயங்கித் தயங்கி வந்து சொன்னான்: "சார், கெணத்துல முங்கிக் கல்லு எடுத்ததுல இருந்து அவனுக்கு ஒரு காது சரியாக் கேக்கல சார்."

விசாரித்தேன். நான்கு பேர் போட்டி. கிணற்றுக்கு அடியில் போட்ட வெள்ளைக் கல்லை யார் முதலில் எடுப்பது என்று. இவனுக்கு அன்று நல்ல சளி. பாதி ஆழத்திலேயே புருவத்துக்கு மேல் ஊசி குத்துவது போல வலித்திருக்கிறது. மேலே வந்தால் தோற்றுவிடுவோமே என்று இன்னும் கீழே போயிருக்கிறான். காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், உடனே தலை சுற்றல். கரையேறி மூக்கைச் சிந்தியபோது சளியோடு ரத்தம். வீட்டில் அடி விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கங்கைகொண்டான் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றாறும் தோட்டத்துக் கிணறுகளும்தான் நீச்சல் குளம். நம் மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மார்கழியில் கிணறு நிறைகிறது, அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான், சளி பிடிக்கும் பனிக்காலமும் அதுவே. இந்த மூன்றும் ஒன்றாக வருவதை அந்த மாணவனைப் பார்க்கும்வரை நான் யோசித்ததில்லை.

அவன் தலைக்குள் நடந்தது என்ன? நாம் ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடத்திலும் பத்தாம் வகுப்பில் பாயில் விதியிலும் நடத்துவதுதான். நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்ப்பரப்பில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3. அடைபட்ட காற்றின் கனஅளவு அதற்கேற்ப பாதியாகவும் மூன்றில் ஒரு பங்காகவும் சுருங்கும். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும். முதல் 10 மீட்டரில் காற்று பாதியாகிறது. அடுத்த 10 மீட்டரிலோ மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆக, அழுத்தத்தின் வேலை கடுமையாக நடப்பது நடுக்கடலின் ஆழத்தில் அல்ல, நம் ஊர்க் கிணற்றின் ஆழத்தில்தான்.

தலையில் காற்று இருக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி. இதை மூக்கின் பின்பகுதியோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். அது திறக்காமலே ஒருவன் கீழே போனால் வெளியிலிருந்து நீர் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். மூன்று மீட்டர் ஆழத்தில் அந்தச் சின்னஞ்சிறு சவ்வின் மேல் ஏறக்குறைய 150 கிராம் எடைக்கல்லை வைத்ததற்குச் சமமான விசை. சில மீட்டரிலேயே அது கிழியலாம். கிழிந்தால் குளிர்ந்த நீர் நடுச்செவிக்குள் புகுந்து தலை சுற்றும். எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகும். காதுவலியைவிட இதுதான் கிணற்றில் ஆளைக் கொல்லக்கூடியது.

இரண்டாவது, சைனஸ் என்று நாம் சொல்லும் முக எலும்பு அறைகள். இவை நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் இருபுறமும் உள்ளேயும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூக்கோடு ஒரு சிறு துளை வழி. சளியால் அந்தத் துளை அடைபட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ஆனால் எலும்புச் சுவர் சுருங்காது. அந்த இடைவெளியை நிரப்ப உள்சவ்வு வீங்குகிறது, நீர் கசிகிறது, நுண்குழாய்கள் உடைந்து ரத்தமும் வருகிறது. புருவத்துக்கு மேல் குத்தலும் மூக்கில் ரத்தமும் அதனால்தான். கன்ன அறையின் அடித்தளத்தில் மேற்பற்களின் வேர்கள் இருப்பதால் சிலருக்குப் பல்வலி போலவும் தெரியும். நெற்றி அறை பிறக்கும்போது இருப்பதில்லை, வளர்ந்து முழுமை பெறப் பதின்பருவம் ஆகும். அதனால் சிறு வகுப்புப் பிள்ளைகள் காதைத்தான் பிடிப்பார்கள், உயர்நிலை வகுப்பினர் நெற்றியையும் பிடிப்பார்கள்.

மூச்சடக்கி மூழ்குவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. ஆறு கடல் சேரும் கரையில் கொற்கை காலம் தொட்டு முத்துக்குளித்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அந்தக் குளியாளிகள் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து, நின்றபடியே இறங்கினார்கள். வேகமாக இறங்கத்தான் கல். ஆனால் அதில் இன்னொரு நன்மையும் உண்டு. தலை மேலே இருக்கும்போது காற்றைச் சமன் செய்வது எளிது. தலைகீழாகப் பாயும்போது மூக்கின் உட்பகுதியில் ரத்தம் தேங்கி வழிகள் குறுகிவிடும். நம் பையன்களோ தலைகீழாகப் பாய்வதைத்தான் வீரம் என்று நினைக்கிறார்கள்.

சமன் செய்வது எப்படி? மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்குக்குள் காற்றைத் தள்ளுவது ஒரு முறை. 17-ஆம் நூற்றாண்டில் பிறந்த இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயர் இதற்கு உண்டு. பலமாக ஊதினால் உட்செவிக்கே சேதம் வரலாம். மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது அதைவிட மென்மையானது. தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியால் காற்றை மேலே தள்ளும் பிரென்செல் முறையைத்தான் இன்று மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டு வீரர்கள் பழகுகிறார்கள். எதுவானாலும் வலி வருவதற்கு முன்பே, நீர்ப்பரப்பிலேயே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்தபின் குழலின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டுவிடும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்து முயல வேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் அன்றைக்கு முங்குவதை விட்டுவிட வேண்டியதுதான்.

சளி அடைத்த சைனஸுக்கு இந்த முறைகள் பலிக்காது. மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மூழ்குவதும் ஆபத்து. அதன் வேகம் தணிந்து உள்ளேயே வழி அடைத்துக்கொண்டால், மேலே வரும்போது விரியும் காற்றுக்குப் போக்கிடம் இருக்காது. காதில் பஞ்சோ அடைப்பானோ வைப்பதும் தவறு. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் புதிதாக ஒரு காற்றறையை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

வகுப்பில் நான் செய்யும் சோதனை ஒன்று. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் உட்சுவரில் சாக்பீஸ் தூளைத் தூவி, கழுத்தில் இரண்டு கிலோ கல்லைக் கட்டி, வாய் கீழ்நோக்கியபடி கிணற்றில் ஐந்து மீட்டர் ஆழத்துக்குக் கயிற்றில் இறக்கினோம். கைப்பிடிச் சுவர் உள்ள கிணறு, கயிறு என் கையில். ஏற்றிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூள் கரைந்திருந்தது. "பாட்டிலுக்கு வாய் இருக்கு, தண்ணி உள்ள போச்சு. வாய் அடைச்ச இடத்துல என்ன சார் உள்ள போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ரத்தம் என்று சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அந்த மாணவனைத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். செவிப்பறையில் சிறு கிழிசல். இப்படிப்பட்டவை பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும், காதுக்குள் தண்ணீர் மட்டும் போகக் கூடாது. அவனை முதல் வரிசையில், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தேன். திட்டியதற்கு வருத்தமும் சொன்னேன். இப்போதெல்லாம் அரையாண்டுத் தேர்வின் கடைசி நாளன்று, விடைத்தாளை வாங்கிக்கொண்டே, யாருக்கெல்லாம் சளி என்று கேட்டுவிடுகிறேன்.