சாம்பலின்மேல் எழும் வீடு

இளமையில் வீட்டை இழந்தவன் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். காலம் அவன் பக்கத்தில் நிற்கிறது. எழுபது வயதைக் கடந்தவர் வீட்டை இழந்தாலோ, அவருக்குக் குறைவாயிருப்பது பணம் மட்டுமன்று, காலமுந்தான். ஆதலால் அவருக்கு உதவ முன்வருவோர் நல்ல மனத்தோடு நல்ல முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாகாணத்தில், பைன் மரங்கள் அடர்ந்த மலைமேட்டில் அமைந்தது பாரடைஸ் என்னும் சிற்றூர். சுவர்க்கம் என்பது அப்பெயரின் பொருள். உழைத்து ஓய்ந்த முதியோர் பலர் அங்கே குடியிருந்தனர். ஊரவரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி காலை, அயலில் உள்ள பழைய மின்கம்பிக் கோபுரமொன்றில் தேய்ந்துபோன இரும்புக் கொளுக்கி முறிந்தது. அதனால் எழுந்த பொறி, மழை காணாத புல்லிற் பற்றி, பெருங்காற்றில் ஏறி, சில மணி நேரத்துள் ஊரை விழுங்கிற்று. 85 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். 18,000க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. 26,000 பேரளவில் வாழ்ந்த ஊரில், 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இருந்தோர் 4,764 பேரே.

தப்பிய முதியவரின் நிலையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி, செவிக் கருவி, நாள்தோறும் உண்ணும் மருந்து ஆகிய யாவும் வீட்டோடு போயின. இவையின்றி அவரால் ஒரு விண்ணப்பத்தை வாசிக்கவோ, அதிகாரி சொல்வதைக் கேட்கவோ இயலாது. ஆகவே வீட்டைப் பற்றிப் பேசுமுன் இவற்றைத் தேடிக் கொடுப்பதே முதல் உதவி.

அடுத்தது பத்திரங்கள். காணி உறுதி, காப்புறுதிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைப் பெற வேண்டும். பாரடைஸில் நச்சுச் சாம்பலை அரசாங்கமே அகற்ற முன்வந்தது. எனினும், காணிக்குள் நுழைவதற்கு உரிமையாளர் எழுத்தில் இசைவு தர வேண்டியிருந்தது. நிலத்தின் கீழிருந்த நீர்க்குழாய்களிலும் பென்சீன் என்னும் நஞ்சு கலந்திருந்தது. இத்தனை அலுவலகங்களுக்கும் ஒரு முதியவர் தனியே அலைவதெப்படி? உடன் செல்பவர் ஒரு குறிப்பேட்டில் திகதி, பேசியவர் பெயர், சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதி வைத்தால், அதுவே பெருந்துணை.

யாவற்றினும் கொடியது பட்டியல் எழுதுதல். வீட்டினுள் இருந்த பொருள் ஒவ்வொன்றையும் விலையோடு எழுதித் தருமாறு காப்புறுதிக் கம்பனிகள் கேட்பது வழக்கம். அலுமாரி, கட்டில் என்று எழுதத் தொடங்கும் கை, மறைந்த துணைவரின் கைக்கடிகாரத்தில் வந்து நின்றுவிடும். அதற்கு என்ன விலை எழுதுவது? இத்துயரை உணர்ந்தே, பேரழிவில் வீடு முற்றாக அழிந்தவர்க்குப் பட்டியலின்றியே ஒரு பகுதித் தொகையைக் கொடுக்க வழிசெய்யும் சட்டத்தைக் கலிபோர்ணியா 2020 இல் இயற்றிற்று. எழுதியே ஆகவேண்டுமானால், ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அறையென நினைவில் உலாவச் செய்யுங்கள். இடையில் அவர் பழங்கதை சொன்னால் தடுக்காதீர்கள். கதையும் பட்டியலின் ஒரு பாகமே.

இனி, கட்டும் வேலை. அழிவு நேர்ந்த இடத்தைப் போலி ஒப்பந்தகாரரும் நாடி வருவர். அநுமதிப்பத்திரத்தைப் பாராமல் முற்பணம் கொடுக்கலாகாது. புதிய வீடு தீயையும் முதுமையையும் ஒருங்கே எண்ணியதாக இருத்தல் நன்று. தீப்பொறி நுழையாத நுண்வலை காற்றுத் துவாரங்களுக்கு வேண்டும். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியத்தக்க எதுவும் இருத்தலாகாது. வாயிலிற் படியின்றிச் சரிவுப் பாதையும், அகன்ற கதவுகளும் அமையட்டும். மின்சாரம் நின்றதும் மோட்டார்க் கொட்டகையின் கனத்த கதவைத் திறக்க இயலாமல் முதியோர் சிலர் 2017 ஆம் ஆண்டுத் தீயில் மாண்டனர். ஆதலால் அங்கு 2019 முதல் விற்கப்படும் கதவு இயந்திரங்களுக்கு மாற்று மின்கலம் கட்டாயமாயிற்று.

இவ்வளவும் செய்பவர் ஒன்றை மறக்கலாகாது. "உங்களுக்கேன் இந்த வயதில் வீடு? எங்களோடு வந்திருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்வார்கள். சிலருக்கு அதுவே தக்க முடிவாகவும் இருக்கலாம். ஆயின் அம்முடிவைச் செய்ய வேண்டியவர் முதியவரே. வீட்டைத் தீ கொண்டது. தீர்மானிக்கும் உரிமையை நாம் பறித்துவிடலாகாது. கதவுக்கு என்ன நிறம், முற்றத்தில் என்ன மரம் என்ற சிறு கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள். அவர் விடை சொல்லத் தொடங்கும் அந்த நாளிலேயே புதுவீட்டின் அத்திவாரம் இடப்பட்டுவிட்டது எனலாம்.