நூறு பேர் தீவில் 8,760 மணி நேரம்

ஊருக்கொரு மின்வலை – 7

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் எக் என்றொரு சிறு தீவு. அங்கே சுமார் நூறு பேர் வாழ்கிறார்கள். நாட்டின் பிரதான மின்வலை அங்கே எட்டவே இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான் கதி என்றிருந்த காலம் 2008 பிப்ரவரியில் முடிந்தது. ஓடை நீர், காற்று, வெயில் மூன்றையும் கலந்து அன்று முதல் 24 மணி நேரமும் மின்சாரம். 1997-இல் நிலப்பிரபுவிடமிருந்து தீவை மீட்டெடுத்த மக்கள், மின்சாரத்தையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நீர்மின் நிலையங்கள். அவற்றில் பெரியது 100 கிலோவாட். தலா 6 கிலோவாட்டில் நான்கு காற்றாலைகள். சோலார் பேனல்கள், பேட்டரிகள், ஆபத்துக்கு உதவ இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். எல்லாவற்றையும் இணைக்க மண்ணுக்கடியில் சுமார் 11 கிலோமீட்டர் கேபிள். இதில் எது எவ்வளவு வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? ஊர் அளவிலான மின்வலைகளை வடிவமைக்கும் துறையின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

சராசரி ஏமாற்றும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊருக்கு நாளொன்றுக்கு 100 யூனிட் தேவை. பேனல்கள் சராசரியாக 120 யூனிட் தருகின்றன. தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் வானம் மூடிக்கொண்டு நாளொன்றுக்கு 40 யூனிட்தான் கிடைத்தால்? தினமும் 60 யூனிட் பற்றாக்குறை. 100 யூனிட் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தாலும், இரண்டாம் நாள் இரவே ஊர் இருண்டுவிடும்.

அதனால்தான் கணினி மாதிரிகள் ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கின்றன. இந்த மணியில் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு செலவு, பேட்டரியில் எவ்வளவு மீதி என்று வரவு செலவு எழுதிக்கொண்டே போகின்றன. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990-களில் உருவான ‘ஹோமர்’ மென்பொருள் இந்த வகையில் புகழ்பெற்றது. பேனல் எத்தனை, பேட்டரி எத்தனை என்று பல சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்து, எது குறைந்த செலவில் தேவையை நிறைவேற்றும் என்று வரிசைப்படுத்திக் காட்டும்.

எக் தீவில் ஒரு மூலம் மெலியும்போது இன்னொன்று கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் மழையும் காற்றும் பலம்; கோடையில் ஓடை மெலியும்போது வெயில் தாங்கிப் பிடிக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் படாது.

ஐந்து கிலோவாட் ஒப்பந்தம்

வெயிலையும் மழையையும் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துவிடலாம். மனிதர்களின் பயன்பாட்டைக் கணிப்பதுதான் கடினம். சுமார் 40 வீடுகளும் ஒரே நேரத்தில் கெட்டிலையும் வாஷிங் மெஷினையும் போட்டால் எந்தக் கணக்கும் தாங்காது. எக் மக்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு நேரத்தில் வீட்டுக்கு 5 கிலோவாட், வணிக இடங்களுக்கு 10 கிலோவாட், அதுதான் உச்சவரம்பு. மீறினால் இணைப்பு டிரிப் ஆகிவிடும். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேதம் இல்லை. உற்பத்தி குறையும் நாட்களில் சிக்கனமாக இருங்கள் என்று அறிவிப்பு வரும், மக்களும் ஒத்துழைப்பார்கள். பேட்டரி நிரம்பி மின்சாரம் மிஞ்சும்போது அது ஊர்ப் பொதுக்கூடத்தைச் சூடாக்கப் போகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் பீகாரின் தர்னை கிராமத்தில் நேர்ந்தது. 2014-இல் கிரீன்பீஸ் முன்னெடுப்பில் அங்கே 100 கிலோவாட் சோலார் மின்வலை வந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் அது போதுமானதாக இருந்தது; ஆனால் டி.வி.யும் ஃபிரிட்ஜும் வாங்க ஆசைப்பட்ட மக்களுக்குப் போதவில்லை. மலிவான அரசு மின்சாரம் வந்ததும் ஊர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தேவை வளரும், போட்டிக்கு வேறு மின்சாரம் வரும் என்ற இரண்டையும் கணக்கில் சேர்க்காத மின்வலை நிலைக்காது.

இந்தப் பாடம் இலங்கைக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் இந்திய நிதியுதவியுடன் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அங்கே பேனலை எண்ணுவதற்கு முன் மக்களிடம் கேட்க வேண்டியவை ஏராளம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவின்போது தேவை எவ்வளவு எகிறும்? மீனைக் கெடாமல் வைக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்? பத்து வருடத்தில் எத்தனை வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கும்? இந்தப் பதில்கள் இல்லாத மாதிரி, எத்தனை நேர்த்தியான மென்பொருளில் ஓடினாலும், அரைகுறைதான்.

(அடுத்த வாரம்: பேட்டரியின் ஆயுள்)